அம்மா பேரு செக்ரோல்ல இல்ல: பெண்கள் உடன்படிக்கை நம்ம தோட்டத்துக்கு வந்துச்சா?

கித்தாக்காட்டுமகள் | ஞாயிறு, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தி வருஷக்கணக்காச்சு, எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது.

போன சனிக்கிழமை டவுன் மண்டபத்துல பெண்கள் உரிமையைப் பத்தி ஒரு கூட்டம். அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாட்டையும் ஒழிக்க ஐக்கிய நாட்டுச் சபையில ஒரு உடன்படிக்கை இருக்கு, சுருக்கமா சீடோன்னு சொல்வாங்க, மலேசியா 1995லயே அதுல சேர்ந்திடுச்சுன்னு பேச வந்தவங்க சொன்னாங்க. அம்மா வாயைத் திறக்காம கேட்டுக்கிட்டிருந்தாங்க. திரும்பி வர்றப்ப மோட்டார்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு ஒரே ஒரு கேள்வி: "95ல நான் பனங்காட்டுல உதிரிப்பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தேனே. என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

அம்மா கதை இதுதான். கல்யாணமாகி வந்த புதுசுல மரம் சீவுனாங்க. அப்ப செக்ரோல்ல, அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டுல, அவங்க பேரு இருந்துச்சு. பிறகு கித்தா (ரப்பர்) மரத்தை எல்லாம் வெட்டி செம்பனை போட்டாங்க. பனை காய்ப்புக்கு வந்ததும் பழம் வெட்டுற வேலை ஆம்பளைங்களுக்கு. அப்பா குலையை வெட்டித் தள்ளுவாரு. கீழ விழுந்து சிதறுற உதிரிப்பழத்தைப் பொறுக்கி சாக்குல கட்டுறது, வெட்டுன மட்டையை இழுத்து அடுக்குறது எல்லாம் அம்மா. காலையில இருட்டோட கிளம்பி அப்பா கூடவே போவாங்க, அப்பா கூடவே வருவாங்க. கணக்கு டன்னுக்கு இவ்வளவுன்னு வரும், அப்பா பேருல. 1991லேருந்து 2010 வரைக்கும், 19 வருஷம். அந்த 19 வருஷத்துக்கு அம்மாவுக்குச் சேமநிதி இல்ல, சொக்சோ காப்புறுதி இல்ல, பேரு இல்ல.

அப்பாவுக்கு வாதம் வந்து வேலை செய்ய முடியாமப் போனப்ப ஒரு பென்ஷன் கிடைச்சுச்சு. போன வருஷம் கார்த்திகையில அப்பா தவறிட்டாரு. அந்தப் பென்ஷன் மனைவிக்கு வரும்னு சொன்னாங்களேன்னு போய்க் கேட்டா, ஒரு அலுவலகத்துல கல்யாணப் பத்திரம் கேட்டாங்க. அவங்க கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல நடந்தது. பத்திரம் கிடையாது. "நாலு பிள்ளை பெத்திருக்கேன், 40 வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கேன்"னு அம்மா கவுண்டர்ல சொன்னப்ப அந்த அதிகாரி பாவம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லல.

நான் கேக்குறது, அந்த உடன்படிக்கையால எங்கம்மாவுக்கு என்ன ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழையபெரட்டு | ஞாயிறு, இரவு 10.30

அம்மாடி, உன் அப்பாவுக்கு என் அனுதாபம். நான் 31 வருஷம் தோட்டத்துல வேலையாட்களைக் கண்காணிக்கிற மண்டோரா இருந்தவன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இந்த ஜெனிவா, நியூயார்க் ஒப்பந்தமெல்லாம் படிச்ச பட்டணத்துப் பெண்களுக்கு. தோட்டத்துல ஆணும் பொண்ணும் ஒண்ணாத்தான் காலையில பேரு வாசிக்கிற பெரட்டுக்கு நின்னோம், ஒண்ணாத்தான் மழையில நனைஞ்சோம். சங்கம் பேசி வாங்கின சம்பளத்துல ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு என் காலத்துல பார்த்ததில்ல. எத்தனை ராத்தல் பால், எத்தனை டன் பழம், அதுக்கு இத்தனை வெள்ளி. இதுல பாகுபாடு எங்க இருக்கு?

உங்கம்மா விஷயம் பாகுபாடு இல்ல. அது குடும்பமா சேந்து செஞ்ச வேலை. நானே அப்படிப் பல குடும்பத்துக்குக் கணக்கு எழுதியிருக்கேன்.


ரவாங்தம்பி | ஞாயிறு, இரவு 10.51

ஐயா சொல்றதுல ஒரு நியாயம் இருக்குன்னு எனக்கும் தோணுது. இப்ப குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, ஆணா பெண்ணான்னு யாரும் பாக்குறதில்ல. பேறுகால லீவு 98 நாளாயிடுச்சு. சட்டம் நல்லாத்தானே இருக்கு?


நீதிமன்றச்சாலை | திங்கள், காலை 7.15

கிள்ளானில் வழக்கறிஞராக இருக்கிறேன். பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அதனால் இந்த இழையை விட்டுப் போக மனம் வரவில்லை.

பழையபெரட்டு ஐயாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உடன்படிக்கையின் முதல் பிரிவே அதற்குத்தான் பதில் சொல்கிறது. எது பாகுபாடு என்று அங்கே விளக்கம் இருக்கிறது. பெண்ணின் உரிமையைக் குறைக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்ட வேறுபாடு மட்டும் பாகுபாடு அல்ல. அப்படி ஒரு விளைவை உண்டாக்குவதும் பாகுபாடுதான். நோக்கம், விளைவு, இரண்டு சொற்களும் அதில் இருக்கின்றன. "பெண்களுக்குச் சம்பளம் தரக்கூடாது" என்று உங்கள் தோட்டத்தில் யாரும் விதி எழுதவில்லை. குலை வெட்டுகிறவர் பேரில் கணக்கு என்றுதான் எழுதினார்கள். வெட்டுகிறவர் எல்லாரும் ஆண், பொறுக்குகிறவர் எல்லாரும் பெண். 19 வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவருக்குச் சேமநிதி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. விதியில் பெண் என்ற சொல்லே இல்லை, அடி மட்டும் பெண்ணின் மேல்.

இன்னொன்று. அந்த உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு முழுக்க முழுக்கக் கிராமப்புறப் பெண்களுக்கானது. குடும்பம் பிழைக்க அவர்கள் செய்யும் வேலையை, பணமாகக் கணக்கில் வராத வேலையையும் சேர்த்து, நாடுகள் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் பலன் அவர்களுக்கு "நேரடியாக" கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே அதை அச்சடித்து என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கணவன் வழியாக அல்ல, நேரடியாக. குடும்பத் தொழிலில் கூலி இல்லாமல் உழைக்கும் பெண்களைப் பற்றி மட்டுமே, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1991இல் தனியாக ஒரு பரிந்துரை வெளியிட்டது, 16ஆம் எண். உங்கள் அம்மா பனங்காட்டுக்குள் போன அதே வருடம்.

தம்பி ரவாங், சட்டம் முன்னேறியிருப்பது உண்மை. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று வந்தது. வேலையிடத்தில் பாகுபாடு என்றால் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்ய வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு வந்தது. ஆனால் இவை எல்லாம் யாருக்கு? பேர் பதிவாகியிருக்கிற தொழிலாளிக்கு.


சுங்கைப்பட்டாணிக்காரி | திங்கள், காலை 8.02

அக்கா, "நேரடியாக" பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ஆபிஸ்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். எங்க பாட்டியும் இப்படித்தான்.

பட்டணத்துப் பெண்களுக்கான விஷயம்னு ஐயா சொன்னாரு. ஐரீன் பெர்னாண்டஸ் சுங்கைப் பட்டாணியில, கித்தாத் தோட்டத்துக் குடும்பத்துல பிறந்தவங்க. தெனாகனித்தாங்கிற பெண் தொழிலாளர் உரிமை அமைப்பைத் தொடங்கினவங்க, 2005ல ரைட் லைவ்லிஹூட் விருது வாங்கினவங்க. தோட்டத்துல மருந்தடிக்கிற பெண்களோட உடம்புக்கு என்ன ஆகுதுன்னு அந்த அமைப்புதான் நேர்ல போய்க் கேட்டு வெளியில கொண்டாந்துச்சு. பாராகுவாட்ங்கிற களைக்கொல்லி மருந்துக்கு 2002ல தடை அறிவிச்சாங்க, 2006ல அதைத் தளர்த்தினாங்க, கடைசியில 2020லதான் முழுசா நின்னுச்சு. இடையில போன வருஷங்கள்ல அந்த மருந்துத் தோம்பை முதுகுல சுமந்தது பெரும்பாலும் யாரு? நம்ம அம்மா, சின்னம்மா, அத்தைங்கதான்.

சீடோ குழுவுல உக்காந்த முதல் மலேசியரும் நம்ம பெண்தான், சாந்தி டைரியம். உலகத்துப் பெண்கள் அமைப்புகளுக்கு அந்த உடன்படிக்கையை எப்படிக் கையாளணும்னு சொல்லிக்குடுக்குற அமைப்பை அவங்க கோலாலம்பூர்லயே 1993ல ஆரம்பிச்சாங்க. பத்தாங் பெர்ஜுந்தையிலேருந்து ஒரு மணி நேரத் தூரம்.


ஆயாக்கொட்டகை | திங்கள், மதியம் 1.20

நான் அதிகம் எழுதுறவ இல்ல. மகள் கைப்பேசியில எழுதுறேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

மருந்தடிச்சவ நான். 12 வருஷம். முதுகுல தோம்பு, மூக்குல கைக்குட்டை. கையுறை குடுப்பாங்க, வெக்கையில போட முடியாது, கழட்டிடுவோம். நகம் எல்லாம் கறுத்து விழுந்துச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட போனா களிம்பு குடுப்பாரு. மாசமா இருக்கிறப்ப அடிச்சதும் உண்டு. வயிறு தெரியுற வரைக்கும் சொல்ல மாட்டோம், சொன்னா வேலையை மாத்திடுவாங்க, கூலி குறையும். அதை இப்ப நெனச்சா நெஞ்சு பதறுது. பிள்ளை ஆயாக்கொட்டகையில ஏணையில தூங்கும். பசியாற வர்ற நேரத்துல போய்ப் பால் குடுக்கணும், ஆனா கையில மருந்து வாடை. சவுக்காரம் போட்டு மூணு தடவ கழுவுவேன். பிறகும் பிள்ளைய மார்ல அணைக்க பயமா இருக்கும்.

இது பாகுபாடா இல்லியான்னு எனக்குத் தெரியல மண்டோரய்யா. ஆம்பளைங்க யாரும் அந்த வேலைக்கு வரல. அது மட்டும் தெரியும்.

கித்தாக்காட்டு மகளே, ஒரு சந்தேகம். எனக்கும் கோயில்லதான் கல்யாணம். 1986 ஆவணி. எங்க வீட்டுக்காரரு இருக்காரு. பத்திரம் இல்லன்னா நாளைக்கு எனக்கும் இதே கதியா?


பழையபெரட்டு | திங்கள், இரவு 9.10

தங்கச்சி ஆயாக்கொட்டகை, உங்க எழுத்தைப் படிச்சேன். மருந்தடிக்கிற கும்பலுக்கு நானும் பேரு வாசிச்சிருக்கேன். ஏன் எல்லாம் பொம்பளைங்கன்னு ஒரு நாளும் எனக்குள்ள கேட்டதில்ல. அதுதான் வழக்கம்னு இருந்துட்டேன்.

ஒரு பழைய விஷயம் நெனப்பு வருது. எங்கப்பா கிள்ளான் பக்கத் தோட்டத்துல 1941 போராட்டத்துல இருந்தவரு. ஆர்.எச்.நாதன் தலைமையில நடந்துச்சே, அது. அப்பா சொல்வாரு, கோரிக்கை பட்டியல்ல சம்பளம் மட்டும் இல்ல. கள்ளுக்கடையை மூடணும், பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும், துரை முன்னாடியும் கிராணி முன்னாடியும் சைக்கிள்ல இருந்து இறங்காமப் போக விடணும். அதோட, வேலை செய்யுற பெண்கள்கிட்ட வெள்ளைக்காரனும் அவன் கீழ இருந்த நம்ம ஆளுங்களும் முறைகேடா நடக்குறதை நிறுத்தணும். அதையும் எழுதித்தான் குடுத்தாங்க. நாதனைப் புடிச்சு நாடு கடத்தினாங்க, பட்டாளம் வந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல உயிரும் போச்சு.

அப்ப இந்த ஐக்கிய நாட்டுச் சபையே கிடையாது. அதனால, ஒப்பந்தம் பட்டணத்துச் சமாச்சாரம்னு நேத்து எழுதினதை நான் திருப்பி எடுத்துக்கிறேன். நம்ம கோரிக்கைதான் முந்தி.

ஆனா என் இன்னொரு கேள்வி நிக்குது. வக்கீலம்மா, 1995ல சேந்தாங்க சரி. கோர்ட்டுல அது செல்லுமா?


நீதிமன்றச்சாலை | திங்கள், இரவு 11.35

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அந்தக் கோரிக்கைப் பட்டியலை நானும் படித்திருக்கிறேன். சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன்: 1920களின் இறுதியில் அரசாங்கம் நிர்ணயித்த நாட்கூலி, போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நீங்கள் பெரட்டுக்கு வந்தபோது அந்த வேறுபாடு போயிருந்தது என்றால் யாரோ போராடி அதைப் போக்கினார்கள். பள்ளி ஆசிரியைகளுக்கும் அப்படித்தான். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் கண்டு சம ஊதியத்துக்குப் போராடினார்.

உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: இந்த நாட்டில் உடன்படிக்கையில் சேர்ந்தவுடன் அது சட்டம் ஆகிவிடாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

உடன்படிக்கையை ஐ.நா. பொதுப்பேரவை ஏற்றது 1979 டிசம்பர் 18. நடைமுறைக்கு வந்தது 1981 செப்டம்பர் 3. இன்று 189 நாடுகள் அதில் இருக்கின்றன. மலேசியா 1995 ஜூலை 5இல் சேர்ந்தபோதே சில பிரிவுகளை ஏற்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்துத்தான் சேர்ந்தது. 1998இலும் 2010இலும் அவற்றில் சிலவற்றை விலக்கிக்கொண்டது. பிள்ளைக்குக் குடியுரிமை தருவதில் தாய்க்குச் சம உரிமை என்னும் 9(2), திருமணம் பற்றிய 16ஆம் பிரிவின் சில பகுதிகள் இன்னும் மீதி. தனிப்பட்ட ஒரு பெண் நேரடியாக அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் கூடுதல் நெறிமுறை 1999இல் வந்தது. மலேசியா அதில் சேரவில்லை.

2001இல் அரசியலமைப்பின் 8(2) பிரிவில் இனம், மதம், பிறப்பிடம் ஆகியவற்றோடு பால் என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. பெரிய வெற்றி. ஆனால் 2005இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கர்ப்பமானதால் வேலை போன விமானப் பணிப்பெண் தொடுத்தது. அரசியலமைப்பு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அல்ல என்று தீர்ப்பானது. தோட்டமும் தனியார்தானே? நம் பெண்கள் அன்றைக்கு அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் ஒரு வெளிச்சம். கர்ப்பமாக இருக்கிறார் என்று ஒரு தற்காலிக ஆசிரியைக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்ற வழக்கு. 8(2)இல் உள்ள பால் பாகுபாடு என்பதற்கு என்ன பொருள் என்று தெளிய நீதிபதி இந்த உடன்படிக்கையைத்தான் புரட்டினார். ஆசிரியை வென்றார். அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம் என்பதையும் கவனியுங்கள்.

எது பாகுபாடு என்ற விளக்கத்தையும் தனியார் துறையையும் சேர்த்து ஒரு முழுமையான சமத்துவச் சட்டம் வேண்டும் என்று அந்தக் குழு மலேசியாவிடம் பலமுறை சொல்லிவிட்டது. இன்னும் வரவில்லை. என் வருத்தம் அங்கேதான்.

இனி கல்யாணப் பத்திரம். கித்தாக்காட்டுமகளுக்கு ஒரு கேள்வி, கவனமாகப் பதில் சொல்லுங்கள். அம்மா அப்பா கல்யாணம் எந்த வருடம், எந்த மாதம்?


கித்தாக்காட்டுமகள் | செவ்வாய், காலை 6.05

1982 அக்கா. மாசம் அம்மாவைக் கேக்கணும். எதுக்கு?


நீதிமன்றச்சாலை | செவ்வாய், காலை 6.40

1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் பதிவையும் கட்டாயமாக்கியது அந்தச் சட்டம்தான். அந்தத் தேதிக்கு முன்னால் மத முறைப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த கல்யாணத்தை அந்தச் சட்டமே பதிவானதாகக் கொள்கிறது. அதற்குப் பின் நடந்ததென்றால் பதிவாளர் முன் நடந்திருக்க வேண்டும். தாலி கட்டி அம்மி மிதித்ததை மட்டும் காட்டி உரிமை கேட்டால் வழிநெடுகத் தடைதான்.

கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது சீடோவின் 16ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பெண்ணைக் காக்கவென்று எழுதப்பட்டது. நம் சட்டம் அதற்கும் முந்தியது. நல்ல சட்டம், நல்ல உடன்படிக்கை, இரண்டும் இருந்தும் அதைத் தோட்டத்துக் கோயிலுக்கு யார் கொண்டுபோனார்கள்? பெரட்டில் வாசித்தார்களா? வரிசை வீட்டுச் சுவரில் தமிழில் ஒட்டினார்களா? ஒட்டியிருந்தால் நம் அம்மாக்கள் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தே போயிருப்பார்கள்.


ரவாங்தம்பி | செவ்வாய், காலை 8.30

இதைப் படிச்சதும் என் கூட்டாளி ஞாபகம் வந்துட்டான். அவனுக்கு அப்பா நீலக் கார்டு, அதாவது குடிமகன். அம்மாவுக்கு நீலமும் இல்ல, நிரந்தரவாசிக்குக் குடுக்குற சிவப்புக் கார்டும் இல்ல. கல்யாணம் பதிவு இல்ல. அவன் பிறந்தது இங்கதான், தமிழ்ப்பள்ளியில என் பக்கத்து மேசை. ஆனா 12 வயசுல எங்களுக்கெல்லாம் அடையாளக் கார்டு வந்தப்ப அவனுக்கு வரல. பதிவில்லாத கல்யாணத்துல பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை அம்மா வழியாத்தான் பாப்பாங்களாம். பிறகு கார் ஓட்ட லைசென்ஸ் இல்ல, வங்கிக் கணக்கு இல்ல. கார் கழுவுற கடையில ரொக்கத்துக்கு வேலை செய்றான்.

சட்டம் நல்லாத்தானே இருக்குன்னு முந்தாநாள் எழுதினேன். அவனை மறந்துட்டு எழுதிட்டேன்.


நீதிமன்றச்சாலை | செவ்வாய், காலை 9.12

தம்பி, அது முற்றிலும் சரி. இதில் ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு மலேசியத் தாயால் தானாகக் குடியுரிமை தர முடியாது, தந்தையால் முடியும் என்றே சட்டம் இருந்தது. 2021இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2024 அக்டோபரில் மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தையே நிறைவேற்றியது. அங்கே தாய் போதாது என்றார்கள். உங்கள் கூட்டாளியின் விஷயத்தில் தந்தை போதாது என்கிறார்கள். இரண்டிலும் இழப்பது பிள்ளை, அலைவது தாய்.

அவருடைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தனி அஞ்சலில் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். உறுதி எதுவும் தர முடியாது, பார்க்கிறேன்.


நெறியாளர் | செவ்வாய், காலை 10.00

யாருடைய அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் இழையில் போட வேண்டாம். ஒரு பதிவில் இருந்ததை நீக்கியிருக்கிறோம்.


கித்தாக்காட்டுமகள் | செவ்வாய், இரவு 8.50

வேலை முடிஞ்சு வந்து அம்மாகிட்ட கேட்டேன். "தை மாசம், தைப்பூசம் நெருங்கின ஞாயித்துக்கிழமை. பூசத்துக்குக் காவடி எடுக்குற ஆளுங்க எல்லாம் விரதம், அதனால கல்யாணத்துல யாரும் சரியா விருந்துகூட சாப்பிடல"ன்னு சொன்னாங்க. சாட்சி ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா யோசிச்சிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் எழுந்து போய் தகரப் பெட்டியைத் திறந்தாங்க. அப்பாவோட பழைய வேட்டி, எங்க நாலு பேரோட தடுப்பூசி அட்டை, அதுக்கும் அடியில பிளாஸ்டிக் பைக்குள்ள ஒரு கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவின மூலை இன்னும் மங்கலாத் தெரியுது. "நிகழும் துன்மதி ஆண்டு தைத் திங்கள் 25ஆம் நாள், 7-2-1982, ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில்."

மார்ச் 1க்கு 22 நாள் முந்தி. அக்கா, எனக்குக் கை நடுங்குது.


நீதிமன்றச்சாலை | செவ்வாய், இரவு 9.04

பத்திரிகையை வெளியே யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும். அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களில் உயிரோடு இருக்கிற இரண்டு பேரைத் தேடுங்கள், சத்தியப் பிரமாணம் எழுதி ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். கல்யாணப் படம் இருந்தால் அதுவும். உங்கள் நால்வரின் பிறப்புப் பத்திரங்களில் தாய் தந்தை பெயர் இருக்கிறதா பாருங்கள். இவற்றை வைத்து நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம்.


பழையபெரட்டு | செவ்வாய், இரவு 9.31

அம்மாடி, எந்தத் தோட்டம்னு தனி அஞ்சல்ல சொல்லு. 82ல அந்தப் பக்கத்துல பூசாரி, நாதஸ்வரக்காரர், கிராணி எல்லாம் யாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேராவது இருப்பாங்க. நானே மோட்டார்ல போய்க் கூட்டியாறேன்.


ஆயாக்கொட்டகை | செவ்வாய், இரவு 10.15

உங்கம்மாவுக்காக சந்தோஷப்படுறேன் மகளே. என்னுது 86. அந்தத் தேதிக்கு நாலு வருஷம் பிந்திட்டேன்.


சுங்கைப்பட்டாணிக்காரி | செவ்வாய், இரவு 10.22

அம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்காருல்ல? இப்பவே பதிவு பண்ணலாம். எங்க மாமா அத்தை 30 வருஷம் கழிச்சுப் பண்ணினாங்க. இன்னைக்கு நீங்க பதிவு பண்ணினா நாளைக்கு உங்களை யாரும் கவுண்டர்ல நிறுத்தி வைக்க முடியாது.

இன்னொன்னும் தெரிஞ்சுக்குங்க. உயில் எழுதாம கணவன் இறந்தா, பிள்ளைங்க இருந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மனைவி இறந்தா கணவனுக்கு முழுசும்னு நம்ம சொத்துப் பங்கீட்டுச் சட்டம் இருந்துச்சு. 1997லதான் ரெண்டு பேருக்கும் ஒரே பங்குன்னு திருத்துனாங்க, நாடு சீடோவுல சேந்து ரெண்டு வருஷத்துல. ஆனா அந்தப் பங்கும் சட்டப்படி மனைவின்னு காட்டினாத்தான்.


ஆயாக்கொட்டகை | புதன், காலை 6.30

அவருகிட்ட பேசினேன். "பேரன் எடுத்த வயசுல மாலை மாத்தச் சொல்றியா"ன்னு கேட்டாரு. மாலை வேணாம், கையெழுத்து போதும்னேன். மருந்தடிச்ச 12 வருஷமும் நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல, இதை மட்டும் கேக்குறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பிறகு எழுந்து போய் அலமாரியில இருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில வெச்சாரு.

எங்க வரிசையில விசாரிச்சேன். இன்னும் நாலு ஜோடி இருக்கு பதிவில்லாம. ஒரு பொண்ணுக்குப் போன வருஷந்தான் கோயில்ல கல்யாணம் நடந்துச்சு, அவளும் பண்ணல.


கித்தாக்காட்டுமகள் | புதன், இரவு 9.20

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஐயா இன்னைக்கே ஒரு சாட்சியைக் கண்டுபிடிச்சிட்டாரு. அப்பாவோட சேந்து பழம் வெட்டினவரு, இப்ப புக்கிட் ரோத்தான்ல மகன் வீட்டுல இருக்காரு.

ஆனா அம்மா கேட்டதை நான் மறக்கல. பென்ஷன் கிடைச்சா அது அப்பாவோட மனைவிங்கிறதுக்காகக் கிடைக்கிறது. அந்த 19 வருஷம்? அக்கா, அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?


நீதிமன்றச்சாலை | புதன், இரவு 10.48

இதற்கு என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இல்லை. செக்ரோலில் பெயர் இல்லாத உழைப்புக்கு இன்று போய் நிற்க ஒரு கவுண்டர் கிடையாது.

ஒன்று செய்யலாம். மலேசியாவின் அறிக்கையை அந்தக் குழு 2006, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் பரிசீலித்திருக்கிறது. அரசாங்கம் தன் அறிக்கையைக் கொடுக்கும்போது பெண்கள் அமைப்புகளும் தங்கள் நிழல் அறிக்கையைக் கொடுக்கின்றன. அடுத்த முறையும் கொடுப்பார்கள். அதில் தோட்டத்துப் பெண்ணின் கணக்கு அவள் வாயாலேயே இருக்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எத்தனை மணிக்குப் போனார், ஒரு நாளைக்கு எத்தனை சாக்கு, எந்த நிரை, யார் கணக்கு எழுதினார், கூலி யார் கையில் வந்தது. வருடவாரியாக எழுதுங்கள். கையெழுத்தை அம்மாவே போடட்டும்.


பழையபெரட்டு | புதன், இரவு 11.20

கணக்கு எழுதினது யாருன்னு கேட்டீங்களே வக்கீலம்மா. உங்க தோட்டத்துல நான் இல்ல அம்மாடி, ஆனா எங்க தோட்டத்துல நான்தான். குலை வெட்டினவன் பேரை எழுதுவேன், பக்கத்துல நிக்கிற பொம்பளையைப் பாத்துக்கிட்டே எழுதுவேன். யாரு யாரு எந்த வருஷம் எந்தக் காட்டுல பொறுக்கினாங்கன்னு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. பதினேழு பேரு. எட்டுப் பேரு இப்ப இல்ல. மத்தவங்களை நான் போய்ப் பாக்குறேன். நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?


நீதிமன்றச்சாலை | புதன், இரவு 11.26

போடலாம் ஐயா. போட வேண்டும்.


ஆயாக்கொட்டகை | வியாழன், காலை 6.10

நாங்க அஞ்சு ஜோடி அடுத்த செவ்வாய்க்கிழமை பதிவிலாகாவுக்குப் போய் மனு குடுக்குறோம். மகன் வேன் எடுத்துட்டு வர்றான், கோயில் வாசல்லேருந்து ஏழு மணிக்குக் கிளம்பும். வேன்ல இன்னும் ரெண்டு இடம் இருக்கு. வர்றவங்க அடையாள அட்டை ரெண்டு பேருதும் எடுத்துக்குங்க. கையெழுத்துப் போடுற அன்னைக்கு ரெண்டு சாட்சி வேணும், அதையும் இப்பவே பேசி வெச்சுக்குங்க. மண்டோரய்யா, எங்களுக்குச் சாட்சியா நீங்க வரணும்.